கூட்டில் இருந்து விழுந்த குஞ்சு!

அள்ளி எடுத்து வளர்ப்பதா? அப்படியே விட்டுவிடுவதா?

இரவெல்லாம் காற்று. கூடவே மழை.

விடிந்ததும் பாட்டி வாசல் தெளிக்க வந்தாள். சுவர் ஓரத்தில் ஏதோ துடிப்பது தெரிந்தது. குனிந்து பார்த்தாள்.

ஒரு மைனாக் குஞ்சு!

உடம்பில் பாதிதான் இறகு. மீதி எல்லாம் வெறும் தோல். மஞ்சள் வாயைத் திறந்து திறந்து மூடியது.

"ஐயோ, பாவம்!" என்றாள் பாட்டி. அவ்வளவுதான். வீடே வாசலுக்கு வந்துவிட்டது.

பேரன் கையை நீட்டினான். பாட்டி தடுத்தாள். "தொடாதேடா! மனிதன் கை பட்டால் தாய் சேர்க்காது."

பேத்தி உள்ளே ஓடினாள். பாலாடையில் பால் கொண்டு வந்தாள். அம்மா ஒரு சோற்றுப் பருக்கையை நசுக்கி எடுத்து வந்தாள். அப்பா, செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டியைத் தேடினார்.

"நாமே வளர்க்கலாம், அப்பா! பேசக் கற்றுக் கொடுக்கலாம்!" என்று குதித்தான் பேரன்.

எல்லாருக்கும் இரக்கம். எல்லாருக்கும் அவசரம்.

எதிர்ச் சுவரின் மேல் இரண்டு மைனாக்கள் விடாமல் கத்திக்கொண்டு இருந்தன. அவற்றை மட்டும் யாரும் கவனிக்கவில்லை!

இது எந்த ஊரிலும் நடக்கும் காட்சிதான். கோடைக் காலம், பல பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலம். அதே மாதங்களில்தான் கோடை மழையும் சூறைக் காற்றும் வரும். கூடு ஆடும். குஞ்சு விழும்.

அந்த வீட்டார் செய்ய நினைத்ததில் எது சரி? எது தவறு?

அனாதை அல்ல!

அந்தத் தெருவில் ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் இருந்தார். சத்தம் கேட்டு அவரும் வந்தார். குஞ்சைப் பார்த்தார். உடனே தலையை நிமிர்த்திச் சுவரின் மேல் பார்த்தார்.

"அதோ, அதன் தாயும் தந்தையும்! இது அனாதை அல்ல, அம்மா. விழுந்த குழந்தை. அவ்வளவுதான்" என்றார் பாட்டியிடம்.

தரையில் கிடக்கும் குஞ்சைப் பார்த்ததும், "இதற்கு யாரும் இல்லை" என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் அது தவறு. தாய்ப் பறவை அருகிலேயே இருக்கும். மரக்கிளையில் இருக்கும், மின்கம்பியில் இருக்கும், ஓட்டின் மேல் இருக்கும். மனிதர் கூட்டமாக நிற்பதால் கீழே இறங்கப் பயப்படும்.

நாம் நகர்ந்தால் அது வரும். நாம் நின்றால் அது வராது!

ஆகவே, குஞ்சுக்குச் செய்யும் முதல் உதவி என்ன? மேலே பார்ப்பது. இரண்டாவது உதவி? கூட்டத்தைக் கலைப்பது.

கை பட்டால் தாய் சேர்க்காதா?

"மனிதன் கை பட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கிவிடும்." இது நம் ஊரில் மட்டும் உள்ள நம்பிக்கை அல்ல. பல நாடுகளில் உண்டு.

ஆனால், இது உண்மை இல்லை.

தாய்ப் பறவை தன் குஞ்சைக் கண்ணால் பார்த்தும், குரலைக் கேட்டும் கவனித்துக் கொள்கிறது. மனிதன் கை பட்ட வாசனைக்காக அது குஞ்சை விட்டுவிடுவது இல்லை. முட்டையைப் பொரித்து, நாள்தோறும் இரை கொடுத்து வளர்த்த பிள்ளை அல்லவா? அதை அவ்வளவு எளிதில் கைவிடுமா?

ஆகவே, பயப்படாமல் எடுக்கலாம். மெதுவாக எடுக்க வேண்டும். எடுத்துக் கூட்டில் வைத்த பிறகு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வேண்டும். அது குஞ்சுக்காக அல்ல, நமக்காக.

இந்தப் பழைய நம்பிக்கையால் நடக்கும் கொடுமை ஒன்று உண்டு. "தொட்டாயிற்று, இனிமேல் தாய் சேர்க்காது. நாமே வளர்க்க வேண்டியதுதான்" என்று குஞ்சை வீட்டுக்குள் எடுத்துச் சென்றுவிடுகிறார்கள். தாய் வெளியே கத்திக்கொண்டு இருக்கும். குஞ்சு உள்ளே செத்துக்கொண்டு இருக்கும்.

இரண்டு வகைக் குஞ்சு

தரையில் காணும் குஞ்சுகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் வகை: கூட்டுக் குஞ்சு. கண் மூடி இருக்கும். அல்லது இப்போதுதான் திறந்து இருக்கும். உடம்பில் இறகு இருக்காது. இருந்தாலும் குச்சி குச்சியாக, முளை விட்டது போல இருக்கும். நிற்கத் தெரியாது. இது கூட்டில் இருக்க வேண்டிய குஞ்சு. தவறி விழுந்துவிட்டது.

இரண்டாவது வகை: பறக்கப் பழகும் குஞ்சு. உடம்பு முழுவதும் இறகு இருக்கும். வால் மட்டும் குட்டையாக இருக்கும். தத்தித் தத்தி நடக்கும். விரலை நீட்டினால் காலால் இறுகப் பிடித்துக்கொள்ளும். இது விழுந்த குஞ்சு அல்ல. கூட்டை விட்டுத் தானே வெளியே வந்த குஞ்சு!

முதல் வகையைக் கூட்டுக்கு அனுப்ப வேண்டும். இரண்டாவது வகையை அதன் போக்கில் விட வேண்டும்.

இவ்வளவுதான் விஷயம். ஆனால், நாம் தலைகீழாகச் செய்கிறோம். கூட்டுக் குஞ்சை வீட்டுக்குள் கொண்டு போகிறோம். பறக்கப் பழகும் குஞ்சைத் துரத்திப் பிடிக்கிறோம்!

கூடு எங்கே?

கூட்டுக் குஞ்சு கிடைத்தால், முதலில் அது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். எறும்பு மொய்த்திருந்தால் மெல்ல அகற்றுங்கள். வெயிலில் கிடந்தால் நிழலுக்கு மாற்றுங்கள். சில்லிட்டுப் போய் இருந்தால் இரண்டு உள்ளங்கைக்குள் சிறிது நேரம் வைத்திருங்கள். இறகு இல்லாத குஞ்சுக்கு உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளத் தெரியாது. தாயின் வயிற்றுச் சூடுதான் அதற்குப் போர்வை.

பிறகு கூட்டைத் தேடுங்கள். குஞ்சு விழுந்த இடத்துக்கு நேர் மேலே பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மைனா, சுவர்ப் பொந்திலும் மரப் பொந்திலும் கூடு வைக்கும். சிட்டுக்குருவி, ஓட்டு இடுக்கில் வைக்கும். சாமி படத்துக்குப் பின்னால்கூட வைக்கும். தையல் சிட்டு, இலைகளைச் சேர்த்துத் தைத்து, அதற்குள் பஞ்சு மெத்தை போடும். புல்புல் என்னும் கொண்டைக்குருவி, தாழ்வான செடியில் கிண்ணம் போலக் கட்டும்.

கூடு எட்டினால், குஞ்சை அதில் வைத்துவிட்டு நகர்ந்து விடுங்கள். வேலை முடிந்தது.

ஏணி வைத்து உயரத்தில் ஏறச் சிறுவர்களை அனுப்பாதீர்கள். அதற்கு வேறு வழி இருக்கிறது.

பூக்கூடையே கூடு!

அந்த வீட்டு மைனாவின் பொந்து, இரண்டாவது மாடிச் சுவரில் இருந்தது. யாருக்கும் எட்டவில்லை.

"என்ன செய்வது, டாக்டர் ஐயா?" என்று கேட்டாள் பாட்டி.

"உங்கள் வீட்டில் சிறிய கூடை ஏதாவது இருக்கிறதா, அம்மா?"

பாட்டி தன் பழைய பூக்கூடையைக் கொண்டு வந்து கொடுத்தாள். அடியில் ஓட்டை இருந்தது. "இதுதான் நல்லது. மழை பெய்தால் தண்ணீர் வடிந்துவிடும்" என்றார் மருத்துவர்.

கூடைக்குள் காய்ந்த புல் போட்டார்கள். பஞ்சு போடவில்லை. பஞ்சு குஞ்சின் கால் நகத்தில் சிக்கிக்கொள்ளும். பொந்துக்குக் கீழே, வெயில் படாத பக்கமாக, பூனைக்கு எட்டாத உயரத்தில் கூடையைக் கட்டினார்கள். குஞ்சை உள்ளே வைத்தார்கள்.

"எல்லாரும் உள்ளே வாருங்கள். கதவைச் சாத்துங்கள்" என்றார் மருத்துவர்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கால் மணி ஆயிற்று. தாய் வரவில்லை. அரை மணி ஆயிற்று. வரவில்லை.

பேத்திக்கு அழுகை வந்துவிட்டது. "பசிக்குமே, தாத்தா! கொஞ்சம் பால் கொடுத்துவிட்டு வரட்டுமா?"

"பொறு, கண்ணு" என்றார் மருத்துவர்.

முக்கால் மணி ஆயிற்று. ஒரு மைனா மெல்ல வந்து கூடையின் அருகே உட்கார்ந்தது. அதன் அலகில் ஒரு வெட்டுக்கிளி இருந்தது. இப்படிப் பார்த்தது; அப்படிப் பார்த்தது. கூடைக்குள் இருந்து ஒரு சிறு குரல் எழுந்தது. அடுத்த நொடி, மைனா கூடைக்குள் தலையை நீட்டியது!

ஜன்னலுக்குப் பின்னால் யாரும் மூச்சு விடவில்லை.

சொந்தக் கூட்டில் வைக்க முடியாவிட்டால், இப்படிப் பக்கத்திலேயே ஒரு கூடு கட்டி வைக்கலாம். தாய் அங்கேயே வந்து இரை கொடுக்கும். தாய் வருகிறதா என்று ஒரு மணி, இரண்டு மணி நேரமாவது பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஆனால், மறைந்து நின்று பார்க்க வேண்டும்.

பால் வேண்டாம்! தண்ணீர் வேண்டாம்!

பேத்தி கொண்டு வந்த பாலை மருத்துவர் ஏன் தடுத்தார்?

பால் குடித்து வளர்வது மாட்டுக் கன்றும் மனிதக் குழந்தையும். பறவை பால் குடித்து வளரும் இனம் அல்ல. பசும்பாலைச் செரிக்கும் சக்தி அதன் வயிற்றுக்கு இல்லை. வயிற்றுப்போக்கு வந்து இறந்துவிடும்.

"சரி, பால் வேண்டாம். இரண்டு சொட்டுத் தண்ணீர்?"

அதுவும் வேண்டாம். பறவையின் மூச்சுக்குழாய்த் துளை, நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே இருக்கிறது. அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு சொட்டுத் தண்ணீரிலேயே குஞ்சு மூழ்கிவிடும்! குஞ்சுக்கு வேண்டிய நீர், அது தின்னும் புழுவிலும் பூச்சியிலுமே இருக்கிறது.

சோறு, ரொட்டி, பிஸ்கட் இவையும் ஆகாது. பெரிய சிட்டுக்குருவி நெல்லும் கம்பும் தின்னும். ஆனால், தன் குஞ்சுக்கு முதலில் அது தேடிக் கொடுப்பது புழு பூச்சிகளைத்தான். வளரும் உடம்புக்கு அந்தச் சத்துத்தான் வேண்டும்.

தாய் படும் பாடு

குஞ்சு வளர்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது பலருக்குத் தெரியாது.

பொழுது விடிந்ததில் இருந்து சாயும் வரை தாயும் தந்தையும் ஓயாமல் இரை கொண்டு வரும். கால் மணிக்கு ஒரு முறை, அரை மணிக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது!

கூட்டைச் சுத்தம் செய்வதும் அவற்றின் வேலைதான். பல பறவைகளின் குஞ்சுகள் இடும் எச்சம், மெல்லிய சவ்வுப் பைக்குள் பொட்டலம் கட்டியது போல வரும். தாய் அதை அலகால் கவ்வி எடுத்துப் போய் வெளியே போட்டுவிடும். இயற்கை செய்து வைத்திருக்கும் ஏற்பாட்டைப் பாருங்கள்!

சிட்டுக்குருவிக் குஞ்சு, ஏறக்குறைய 2 வாரத்தில் கூட்டை விட்டு வெளியே வந்துவிடும். மைனாக் குஞ்சுக்கு 3 வாரத்துக்கு மேல் ஆகும். அதன் பிறகும் பெற்றோர் விடுவது இல்லை. இரை தேட, பூனையைக் கண்டு ஒளிய, பருந்தைக் கண்டு பதுங்க, எல்லாம் கற்றுக் கொடுக்கும்.

இதை எல்லாம் எந்த மனிதன் கற்றுக் கொடுக்க முடியும்?

காக்கைக் கூட்டில் யார்?

காக்கைக் குஞ்சு விழுந்தால் கதையே வேறு. பக்கத்தில் போனால் தலையில் கொத்த வரும் பெரிய காக்கைகள். "சனியன், விரட்டுகிறதே!" என்று திட்டுகிறோம். அது சனியன் அல்ல. பிள்ளையைக் காக்கும் தாய். குடையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, சில நாட்கள் அந்தப் பக்கம் சுற்றிப் போனால் போதும்.

காக்கைக் கூட்டில் இருந்து விழுவது காக்கைக் குஞ்சாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. குயில் கூடு கட்டாது. காக்கைக் கூட்டில்தான் முட்டை இடும். காக்கைதான் அந்தக் குஞ்சுக்கும் இரை கொடுத்து வளர்க்கும். ஆகவே, காக்கைக் கூட்டின் கீழே ஒரு குயில் குஞ்சு கிடந்தால், அதைத் தேடி வரப் போவது குயில் அல்ல, காக்கைதான்! அந்தக் குஞ்சையும் அதே மரத்தில்தான் வைக்க வேண்டும்.

பூனை கவ்விய குஞ்சு

எல்லாக் குஞ்சுகளையும் தாயிடமே விட்டுவிடலாமா? இல்லை. சில நேரங்களில் உதவி கட்டாயம் வேண்டும்.

இறக்கை தொங்கினால், கால் முறிந்திருந்தால், இரத்தம் வந்தால் கால்நடை மருத்துவமனைக்கு உடனே கொண்டு போக வேண்டும்.

பூனை கவ்விய குஞ்சு என்றால், காயம் தெரியாவிட்டாலும் கொண்டு போக வேண்டும். பூனையின் பல் ஊசி போன்றது. வெளியே சிறு புள்ளிதான் தெரியும். ஆனால், பூனையின் வாயில் உள்ள கிருமி உள்ளே போய்விடும். மருந்து கொடுக்காவிட்டால் ஓரிரு நாளில் குஞ்சு இறந்துவிடும்.

தாய் இறந்து கிடப்பதைக் கண்ணால் பார்த்தாலும், பல மணி நேரம் காத்திருந்தும் தாய் வரவே இல்லை என்றாலும், வனத்துறை அலுவலகத்துக்கோ, பிராணிகள் நலச் சங்கத்துக்கோ தகவல் சொல்லுங்கள்.

அவர்கள் வரும் வரை என்ன செய்வது? காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் மெல்லிய துணி விரித்துக் குஞ்சை வையுங்கள். வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். பெட்டியை இருட்டான, அமைதியான இடத்தில் வையுங்கள். அடிக்கடி திறந்து பார்க்காதீர்கள். கொஞ்சாதீர்கள். நம் கொஞ்சல் அதற்குக் கொஞ்சலாகத் தெரியாது. பெரிய மிருகம் ஒன்று பிடித்துவிட்டதாகத்தான் அது நினைக்கும்.

குளிர்ந்து கிடக்கும் குஞ்சுக்கு இரை கொடுக்கக் கூடாது. முதலில் சூடு, பிறகுதான் உணவு. உதவி வர நேரமாகும் என்றால், மைனா போன்ற குஞ்சு தானாக வாயைத் திறக்கும்போது, அவித்த முட்டையின் மஞ்சள் கருவை மசித்து, மிளகு அளவு கொடுக்கலாம். வாயைப் பிளந்து திணிக்கக் கூடாது. புறாக் குஞ்சுக்கு இந்த முறை ஒத்துவராது. அது தாயின் வாய்க்குள் தன் அலகை விட்டு உண்ணும் வழக்கம் உடையது.

குஞ்சுகளைக் காக்கும் ஊர்

குஞ்சுகளை எடுத்து வளர்த்து, மீண்டும் வானத்துக்கே அனுப்பிய ஊர் ஒன்று தமிழ்நாட்டிலேயே உண்டு.

திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள கூந்தன்குளம்தான் அந்த ஊர். 1994-ஆம் ஆண்டு இது பறவைகள் சரணாலயம் ஆனது. ஆனால், அதற்கு முன்பிருந்தே ஊர் மக்கள் பறவைகளைக் காத்து வந்தார்கள். நாரையும் கூழைக்கடாவும் அங்கே வீட்டு வாசல் மரங்களிலேயே கூடு கட்டும். பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்பது மக்களின் நம்பிக்கை. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பது இல்லை.

உயர்ந்த மரத்தில் இருந்து விழும் நாரைக் குஞ்சை மீண்டும் மேலே வைப்பது எளிது அல்ல. ஆகவே, அப்படி விழுந்த குஞ்சுகளை எடுத்து, மீன் கொடுத்து வளர்த்து, பறக்கத் தெரிந்ததும் விட்டுவிடும் வழக்கம் அங்கே இருந்து வந்திருக்கிறது.

கர்நாடகத்தில், மண்டியா மாவட்டத்தில் உள்ள கொக்கரே பெள்ளூர் என்ற ஊரிலும் இதே கதைதான். விழுந்த குஞ்சுகளுக்கு என்றே அங்கே ஒரு பட்டி அமைத்தார்கள்.

இந்த இரண்டு ஊரிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் குஞ்சுகளை வளர்த்தார்கள். ஆனால், வைத்துக்கொள்ளவில்லை!

பேசும் மைனா வேண்டுமா?

"வளர்த்து வைத்துக்கொண்டால் என்ன? நம் வீட்டில் சுகமாகத்தானே இருக்கும்?" என்று சிலர் கேட்கலாம்.

முதல் பதில், சட்டம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, கிளி, மைனா போன்ற நம் நாட்டுப் பறவைகளைப் பிடித்துக் கூண்டில் வளர்ப்பது குற்றம்.

இரண்டாவது பதில், குஞ்சின் எதிர்காலம். ஆஸ்திரியா நாட்டு விஞ்ஞானி கான்ராட் லாரென்ஸ், வாத்துக் குஞ்சுகளை வைத்து ஆராய்ச்சி செய்தார். முட்டையில் இருந்து வெளிவந்ததும் குஞ்சுகள் முதலில் பார்த்தது அவரைத்தான். அவ்வளவுதான்! அவரையே தாய் என்று எண்ணிக்கொண்டு, அவர் போகும் இடமெல்லாம் வரிசையாகப் பின்னால் போயின. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக 1973-ஆம் ஆண்டு மற்ற இருவருடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பார்க்க வேடிக்கைதான். ஆனால், மனிதனைத் தாய் என்று நினைக்கும் பறவை, தன் இனத்தோடு எப்படிச் சேரும்? எப்படிக் கூடு கட்டும்? கண் திறக்காத நாளில் இருந்து மனிதரிடம் மட்டுமே வளர்ந்த மைனாவும் மனிதருக்கே பழகிவிடும். பூனையைக் கண்டு பயப்படாது. வெளியே விட்டால் பிழைப்பது கடினம்.

சிறுவனும் சிட்டும்

ஒரு பறவை விழுந்ததால் ஒரு சிறுவனின் வாழ்க்கையே மாறிய கதையும் உண்டு.

பம்பாயில் வளர்ந்த அந்தச் சிறுவன், விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டான். அது விழுந்தது. எடுத்துப் பார்த்தான். கழுத்தில் மஞ்சள் நிறம்! இப்படி ஒரு சிட்டை அவன் பார்த்ததே இல்லை. "இது என்ன பறவை?" என்று கேட்டுக்கொண்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனான். அங்கே இருந்த அதிகாரி பறவையின் பெயரைச் சொன்னார். பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை எல்லாம் எடுத்துக் காட்டினார்.

அந்தச் சிறுவன்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பறவை அறிஞர் சலீம் அலி. 1985-ஆம் ஆண்டு வெளிவந்த தன் வாழ்க்கை வரலாற்றுக்கு, "ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி" என்ற பொருளிலேயே அவர் பெயர் வைத்தார்.

விழுந்த பறவையைப் பார்த்ததும், "இதை வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்பது ஒரு வகை. "இது என்ன? இது எப்படி வாழ்கிறது?" என்று கேட்பது இன்னொரு வகை. இரண்டாவது கேள்வியைக் கேட்கக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

விளக்கை அணைத்த கிராமம்

மயிலுக்குப் போர்வை கொடுத்தான் வள்ளல் பேகன் என்று படித்திருக்கிறோம். அந்த அன்பு பெரிது. ஆனால், மயிலுக்குப் போர்வையால் என்ன பயன்? அன்போடு, அதற்கு என்ன வேண்டும் என்ற அறிவும் சேர வேண்டும்.

அப்படிச் சேர்ந்ததை 2020-ஆம் ஆண்டு ஒரு கிராமம் காட்டியது.

சிவகங்கை மாவட்டத்தில் உள்ள பொத்தகுடி என்ற ஊர். தெரு விளக்குகளுக்கான மின்பெட்டிக்குள் ஒரு சிறு பறவை கூடு கட்டி முட்டை இட்டிருந்தது. பெட்டியைத் திறந்து சுவிட்சைப் போட்டால் பறவை மிரளும். என்ன செய்தார்கள், தெரியுமா? சுவிட்சைப் போடுவதையே நிறுத்திவிட்டார்கள்! குஞ்சு பொரித்துப் பறக்கும் வரை, ஒரு மாதத்துக்கும் மேலாகத் தெரு விளக்கு எரியவில்லை. ஊரே இருட்டில் நடந்தது.

அவர்கள் குஞ்சை எடுக்கவில்லை. தீனி போடவில்லை. கூட்டை நகர்த்தவில்லை. தாய் தன் வேலையைச் செய்ய இடம் விட்டார்கள். அதுதான் பெரிய உதவி.

பறந்தது!

மீண்டும் பாட்டியின் வீட்டுக்கு வருவோம்.

பத்து நாள் கழிந்தது. பூக்கூடைக்குள் இருந்த மைனாக் குஞ்சுக்கு இறகு நிறைந்துவிட்டது. ஒரு காலையில் பேரன் ஓடி வந்தான்.

"பாட்டி! குஞ்சு மறுபடியும் கீழே விழுந்துவிட்டது! பிடித்துக் கூடையில் போடட்டுமா?"

பாட்டி வந்து பார்த்தாள். குட்டை வால். உடம்பு முழுவதும் இறகு. தத்தித் தத்தி நடந்தது. சுவரின் மேல் இருந்து தாய் குரல் கொடுத்தது.

இந்த முறை பாட்டிக்குத் தெரியும்.

"விழவில்லைடா. பறக்கப் பழகுகிறது. நீ போய் அந்தப் பூனையைப் பிடித்து உள்ளே அடை."

பேரன் பூனையை உள்ளே அடைத்தான். எதிர்வீட்டில் சொல்லி, நாயையும் கட்டி வைக்கச் செய்தான். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு இருந்தான்.

குஞ்சு துளசி மாடத்தில் ஏறியது. அங்கிருந்து கொடிக் கம்பத்துக்குத் தாவியது. தடுமாறி விழுந்தது. மீண்டும் ஏறியது. சாயங்காலம் ஆயிற்று. தாய் வேப்ப மரத்தில் இருந்து ஒரு குரல் கொடுத்தது. குஞ்சு இறக்கையை அடித்தது.

பறந்தது!

வேப்பங் கிளையில் மூன்று மைனாக்கள் உட்கார்ந்து இருந்தன. பேரனுக்கு மகிழ்ச்சி. கொஞ்சம் வருத்தமும்கூட.

"பாட்டி, அது நம் குஞ்சுதானே? திரும்பி வருமா?"

பாட்டி வெறும் கூடையை அவிழ்த்து எடுத்தாள். புல்லைத் தட்டிக் கொட்டினாள்.

"அது அவர்கள் குஞ்சுடா, கண்ணு. நாம் பக்கத்து வீட்டுக்காரர்கள்" என்றாள்.